எழுத்தாளரும் விசைப்பலகையும்

எழுத்தை நம்பிச் சீவனம் நடத்துவோர் இரு வகையினர். ஒரு சாரார் பத்திரிகைக் கந்தோரிலோ பிரசுராலயத்திலோ உத்தியோகம் பெற்று, மாதந் தவறாது வேதனம் வாங்குவோர். மற்றைச் சாரார் எங்கும் உத்தியோகம் ஏற்காது, எழுதிக்கொடுத்த கட்டுரைக்கும் கதைக்கும் மொழிபெயர்ப்புக்கும் மட்டும் சன்மானம் பெறுவோர். இப்பிற்சாராரைச் சுயாதீன எழுத்தாளர் என அழைப்பது வழக்கம். பெயரிலுள்ள சுதந்திரம் இனியதே; எனினும் அதற்கு ஒரு விலை உண்டு. உத்தியோகத்தர் ஒருநாள் சோர்ந்திருந்தாலும் அந்நாளுக்குரிய வேதனம் அவருக்குக் கிடைத்துவிடும். சுயாதீன எழுத்தாளர் சோர்ந்திருந்த நாளுக்கு எவரும் ஒரு சதமும் தருவதில்லை. காய்ச்சலிற் கிடந்த நாளுக்கும், மின்சாரம் தடைப்பட்ட நாளுக்கும், விசைப்பலகையின் முன் அமர்ந்தும் ஒரு வரியேனும் ஓடாத நாளுக்கும் அதே கதிதான்.

ஆகவே, எழுதும் நேரத்தை எவ்வாறு காப்பது என்னும் வினா அவரைப் பொறுத்தவரை வயிற்றுப்பாட்டைச் சார்ந்த வினா. இவ்வினாவுக்கு விடை தருவதாகக் கூறும் கருவிகள் இன்று ஏராளம். திரையிலுள்ள மற்றெல்லாவற்றையும் மறைத்து எழுத்தை மட்டும் காட்டும் செயலி ஒன்று. அத்தியாயங்களைச் சீட்டுக்களைப் போல் மாற்றி அடுக்க உதவுவது மற்றொன்று. எழுதிய சொற்களை எண்ணிச் சொல்வது இன்னொன்று. குறித்த நேரம்வரை இணையத்தைப் பூட்டிவைப்பது பிறிதொன்று. இவற்றைத் தேடுவதிலும், இறக்குவதிலும், பழகுவதிலுமே ஒரு முற்பகல் முழுதும் கழிந்துவிடுதல் கூடும். அம்முற்பகலுக்கும் சன்மானம் இல்லை. எந்தக் கருவி நேரத்தைத் தரும், எது நேரத்தைத் தின்னும் என்பதை அறிய வேண்டுமாயின், முதலில் தம் நேரம் எங்கே செல்கின்றது என்பதை எழுத்தாளர் அறிதல் வேண்டும். இதற்குச் சிறந்த உதாரணமாய் விளங்கியவர், கணினியும் தட்டச்சுப் பொறியும் வழக்குக்கு வருமுன்பே எழுதத் தொடங்கிய ஓர் ஆங்கில நாவலாசிரியர் ஆவார்.

அவர் பெயர் அந்தனி ட்ரொலப். 1815 ஆம் ஆண்டிற் பிறந்து 1882 ஆம் ஆண்டில் மறைந்தவர். 1834 ஆம் ஆண்டு தபாற் பகுதியில் எழுதுவினைஞராகச் சேர்ந்து, 1867 ஆம் ஆண்டுவரை அச்சேவையில் இருந்தவர். உத்தியோகத்தை விடாமலே நாவல்களை எழுதிக் குவித்தார். அவர் எழுதிய நாவல்கள் 47. இத்துணையும் இயன்றது எவ்வாறு என்பதை அவரே தம் சுயசரிதத்திற் கூறியுள்ளார். அந்நூல் அவர் மறைவுக்குப் பின் 1883 ஆம் ஆண்டில் வெளிவந்தது.

ட்ரொலப் நாள்தோறும் காலை ஐந்தரை மணிக்கு எழுதும் மேசையின் முன் இருப்பார். அந்நேரத்தில் அவரைத் துயிலெழுப்பிக் கோப்பி கொடுப்பதற்காகவே, குதிரை பராமரிக்கும் முதிய வேலையாளுக்கு ஆண்டொன்றுக்கு 5 பவுண் மேலதிகமாகக் கொடுத்துவந்தார். முதல் அரைமணி நேரத்தில் முன்னாள் எழுதியதை வாசித்துப் பார்ப்பார். பின்னர் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் வீதம் எழுதுவார். காலையுணவுக்கு முன் மூன்று மணி நேர வேலை முடிந்துவிடும். அதன்பின் தபாற் கந்தோர் அலுவல். உத்தியோக நிமித்தம் புகையிரதத்திற் பிரயாணஞ் செய்யும் நாட்களிலும் வேலை நிற்கவில்லை. மடியில் வைத்தெழுதத்தக்க பலகையொன்றைச் செய்வித்துக்கொண்டு, வண்டியிலிருந்தபடியே பென்சிலால் எழுதினார். அதனை அவர் மனைவியார் பின்னர் படியெடுத்தார்.

இவை யாவற்றினும் முக்கியமானது அவர் வைத்திருந்த நாட்குறிப்பு. ஒரு நாவலைத் தொடங்கும்போதே, அதனை முடிப்பதற்கு எத்தனை வாரங்கள் வேண்டும் என வரையறுத்து, நாள்தோறும் எழுதிய பக்கங்களின் தொகையை அதிற் பதிந்துவந்தார். பக்கமொன்றுக்கு 250 சொற்கள் என்பது அவர் வகுத்த கணக்கு. வாரத்துக்குச் சராசரி 40 பக்கங்கள். குறைந்த வாரத்தில் 20. மிகுந்த வாரத்தில் 112. சோம்பிய நாட்கள் அக்குறிப்பில் வெறுமையாகக் கிடந்து அவரை உறுத்தின. பிறர் எவரும் அவரைக் கேள்வி கேட்கவில்லை. அந்த ஏடே கேட்டது.

சுயசரிதத்தில் தம் நூல்களால் ஈட்டிய பொருளையும் அவர் மறைக்கவில்லை. மொத்தம் 68,939 பவுண் 17 சிலிங் 5 பென்ஸ் எனக் கடைசிப் பென்ஸ்வரை கணக்குக் காட்டினார். கலையைக் கடிகாரத்தால் அளப்பதா, கற்பனையைக் கணக்கேட்டிற் பதிவதா என முகஞ்சுளித்தோர் பலர். அவர் புகழ் சிலகாலம் மங்கியதற்கு இவ்வெளிப்படையும் ஒரு காரணம் என்பர். எனினும் அவர் நாவல்கள் மறையவில்லை. இன்றும் பதிப்பிக்கப்படுகின்றன, படிக்கப்படுகின்றன. எண்ணி எழுதிய காரணத்தால் எழுத்து இழிந்துவிடவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

சொற்களை எண்ணும் வழக்கம் வேகமாக எழுதுவோருக்கு மட்டுமே உரியது என எண்ணுதலும் தவறு. சொல்லைச் செதுக்கிச் செதுக்கி எழுதியவர் எனப் பெயர்பெற்ற ஏனெஸ்ட் ஹெமிங்வேயும் எண்ணினார். கியூபாவிலிருந்த அவர் வீட்டுச் சுவரில் ஓர் அட்டை; நாளுக்கு எத்தனை சொற்கள் எழுதினார் என்பது அதிற் பதியப்பட்டிருந்தது. 1958 ஆம் ஆண்டில் வெளிவந்த செவ்வியொன்றில் இச்செய்தி காணப்படுகின்றது. பெரும்பாலான நாட்களின் தொகை ஐந்நூறை ஒட்டியதே. மறுநாள் மீன்பிடிக்கச் செல்ல விரும்பினால், முதல்நாளே கூடுதலாக எழுதித் தீர்ப்பார். அன்றைய வேலையை எங்கே நிறுத்துவது என்பதிலும் அவருக்கு ஒரு முறை இருந்தது. அடுத்து என்ன நிகழப்போகின்றது என்பது தெளிவாகத் தெரிந்திருக்கும் இடத்தில் நிறுத்திவிடுவார். அடுத்தநாள் காலையில் எங்கிருந்து தொடங்குவது எனத் திகைக்க வேண்டியதில்லை. கிணற்றை வற்ற இறைத்துவிட்டு மறுநாள் வாளியோடு நிற்பவனுக்கும், சிறிது நீரை விட்டுவைத்தவனுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

நாளொன்றுக்கு 500 சொற்கள் மிகச் சிறிய தொகையாகத் தோன்றலாம். வாரத்துக்கு ஐந்து நாட்கள், ஆண்டுக்கு 48 வாரங்கள் என வைத்துக்கொண்டால் அது 1,20,000 சொற்களாகின்றது. ஒரு பெரிய நாவலுக்கு அது போதும். சிறு அளவும் இடையறாத நாட்களும் சேர்ந்து செய்யும் காரியத்தை, ஓரிரவு முழுதும் விழித்திருந்து செய்யும் சாகசம் செய்யமாட்டாது.

இக்கணக்கேடு சுயாதீன எழுத்தாளருக்கு இன்னொரு வகையிலும் இன்றியமையாதது. ட்ரொலப்புக்குத் தபாற் பகுதியின் வேதனம் இருந்தது. இவருக்கு அது இல்லை. ஒரு கட்டுரைக்கு 4,000 ரூபா சன்மானம் என உதாரணத்துக்குக் கொள்வோமாயின், அது நல்ல சன்மானமா, அன்றா? நூல்களைப் படிக்க நான்கு மணி நேரம், எழுத மூன்று மணி நேரம், திருத்த மூன்று மணி நேரம் சென்றதெனின், மணிக்கு 400 ரூபா. அதே கட்டுரையை ஆசிரியர் இருமுறை திருப்பியனுப்பி மாற்றி எழுதச் சொன்னால், அது 250 ரூபாவாகவும் இறங்கிவிடும். சென்ற நேரத்தைக் குறித்துவையாதவர் தம் உழைப்பை எவ்விலைக்கு விற்றார் என்பதை அறியமாட்டார். அறியாதவர் அடுத்தமுறை அதிகங் கேட்கவும் துணியமாட்டார். ஒற்றை ரூல் கொப்பியும் பேனையுமே இதற்குப் போதும்: திகதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், எழுதிய சொற்கள், செய்த வேலையின் வகை. ஒரு மாதம் இவ்வாறு குறித்துவந்தால், நேரம் கசியும் துவாரம் எங்கேயுள்ளது என்பது கண்ணுக்குப் புலனாகும். கருவியைப் பற்றிச் சிந்திக்க வேண்டிய வேளை அதுவே.

முப்பது நிமிடமும் ஓரிடத்தில் இருக்கமாட்டாமல் எழுந்தெழுந்து செல்வது ஒருவரின் குறையாயிருக்கலாம். அதற்கு எளிய பரிகாரம் உண்டு. 1980 களின் பிற்பகுதியில் இத்தாலியில் மாணவராயிருந்த பிரான்சிஸ்கோ சிரில்லோ என்பவர், தக்காளிப்பழ வடிவில் அமைந்த சமையலறை மணிக்கூட்டை மேசையில் வைத்துப் படித்தார். 25 நிமிடங்கள் ஒரே வேலை. பின் 5 நிமிடங்கள் ஓய்வு. நான்கு சுற்று முடிந்ததும் நீண்ட ஓய்வு. இத்தாலிய மொழியில் தக்காளியைக் குறிக்கும் 'பொமொடோரோ' என்னும் சொல்லே அம்முறைக்குப் பெயராயிற்று. ட்ரொலப்பின் கால்மணிக் கணக்கும் இதுவும் நெருங்கிய உறவினை உடையன. மணியடிக்கும் பொருள் எதுவாயினும் பயன் ஒன்றே. ஆனால் கைத்தொலைபேசியை மணிக்கூடாக வைத்துக்கொள்வோர் ஒன்றை மறத்தலாகாது: நேரத்தைப் பார்க்க அதனை எடுத்த கை, வந்திருக்கும் செய்திகளையும் பார்த்துவிட்டே அதனைக் கீழே வைக்கும்.

வேறொருவரின் நேரம் திருத்தி எழுதுவதிற் செல்லலாம். இங்கேதான் இயந்திரம் மனிதனுக்கு மெய்யான துணை புரிந்தது. கிறிஸ்தோபர் ஷோல்ஸ் முதலியோர் அமைத்த தட்டச்சுப் பொறியை றெமிங்டன் கம்பனியார் 1874 ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்தனர். அது எழுத்தைத் தெளிவாக்கிற்று. ஆயினும் ஒரு வாக்கியத்தை மாற்ற வேண்டுமாயின் பக்கம் முழுவதையும் மீண்டும் தட்ட வேண்டியிருந்தது. லண்டனில் வாழ்ந்த நாவலாசிரியர் லென் டெய்ட்டன் தம் அத்தியாயங்களைப் பன்முறை திருத்துபவர். ஒவ்வொரு முறையும் அவருடைய செயலாளர் அவற்றை முதலிலிருந்து தட்டச்சிட நேர்ந்தது. 1968 ஆம் ஆண்டில், காந்த நாடாவில் எழுத்தைப் பதிந்துவைக்கும் ஐ.பி.எம். பொறியொன்று அவர் வீட்டுக்கு வந்தது. ஏறத்தாழ 200 இறாத்தல் நிறையுள்ள அப்பொறியை உள்ளே கொண்டுசெல்வதற்கு யன்னலையே கழற்ற வேண்டியதாயிற்று. அதிலே உருவான நாவல் 'பொம்பர்'. 1970 ஆம் ஆண்டில் வெளிவந்தது. சொற்செயலியில் எழுதப்பட்ட முதல் நாவல் என அது கருதப்படுகின்றது.

டெய்ட்டனின் செய்கையிலிருந்து கருவியைத் தெரியும் விதியொன்றைப் பெறலாம். இன்ன வேலை என் நேரத்தை விழுங்குகின்றது என்பதை அவர் முன்னரே அறிந்திருந்தார். அந்த ஒரு வேலையை நீக்கும் பொறியை வாங்கினார். எந்தச் செயலியைக் கண்டாலும் எழுத்தாளர் கேட்கவேண்டிய கேள்வி இதுவே: இது என் வேலைகளுள் எதனை நீக்குகின்றது? விடை தெளிவாக வந்தால் அதனை ஏற்கலாம். விடை வராவிட்டால், அது வேலையைக் குறைப்பதற்குப் பதிலாகப் புதிய வேலையொன்றைக் கொண்டுவருகின்றது என்றே கொள்ளவேண்டும்.

பழைய கருவியே போதும் எனக் கண்டவரும் உளர். அமெரிக்க நாவலாசிரியர் ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டின், இணையத்தோடு தொடர்பில்லாத பழைய கணினியொன்றில் 'வேட்ஸ்டார்' என்னும் 1980 களின் செயலியைக் கொண்டே எழுதுவதாக 2014 ஆம் ஆண்டில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியிற் கூறினார். தாம் தட்டியதைத் தாமாகவே திருத்த முற்படும் புதிய செயலிகள் தமக்கு வேண்டாம் என்பது அவர் கருத்து. ஆனால் இதே மார்ட்டினின் பெருந்தொடரில் ஐந்தாம் நூல் 2011 ஆம் ஆண்டில் வெளிவந்தபின், அடுத்த நூலுக்காக வாசகர்கள் பத்தாண்டுக்கும் மேலாகக் காத்திருக்க நேர்ந்தது. அமைதியான கருவி கவனச்சிதறலை நீக்கும். எழுதி முடிக்கும் பொறுப்பை அது ஏற்காது.

தமிழில் எழுதுவோருக்கு நேரம் கசியும் துவாரம் பெரும்பாலும் விசைப்பலகையிலேயே உள்ளது. ஆங்கிலத்தின் 26 எழுத்துக்களுக்காக அமைந்த பலகையில், ஆய்தத்தோடு 247 எனக் கணக்கிடப்படும் தமிழெழுத்துக்களை எவ்வாறு அடக்குவது? இச்சிக்கலைத் தட்டச்சுப் பொறியில் தீர்த்துவைத்த முன்னோடி, யாழ்ப்பாணம் சுண்டிக்குளியிற் பிறந்து சிங்கப்பூர் சென்று வாழ்ந்த ஆர். முத்தையா ஆவார். தமிழ்த் தட்டச்சுப் பொறியில் விசிறி, புள்ளி போன்ற குறிகளுக்குரிய விசைகளைத் தட்டினால், தாள் தாங்கி நகராது; எழுத்தும் குறியும் ஒரே இடத்தில் விழும். அதனால் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி விசை வேண்டியதில்லை.

கணினி வந்தபின் முறைகள் பெருகின. 1999 ஆம் ஆண்டு பெப்ருவரியிற் சென்னையில் நடந்த மாநாட்டையடுத்துத் தமிழ்நாட்டு அரசு 'தமிழ் 99' என்னும் விசையமைப்பை நியமமாக்கியது. அதிலே உயிரெழுத்துக்கள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைகின்றன. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். 'அம்மா' என்பதற்கு நான்கு தட்டுப் போதும். ஆங்கில ஒலியை அடியொற்றித் தட்டுவோருக்கு அது பொதுவாக ஐந்து. இலங்கையில் தட்டச்சுப் பொறியின் வழிவந்த ரெங்கநாதன் அமைப்பு வழக்கிலுள்ளது. ஒரு சொல்லில் ஒரு தட்டு மிச்சமாவது அற்பமெனத் தோன்றும். ஆனால் எழுத்தையே தொழிலாகக் கொண்டவர் ஆண்டொன்றுக்கு இலட்சக்கணக்கான தட்டுக்களைத் தட்டுகின்றார்.

எந்த அமைப்பு சிறந்தது என வாதிடுவதைவிட, ஒன்றைத் தெரிந்து, விசைகளைப் பாராமலே பத்து விரல்களாலும் தட்டப் பழகுதலே மேல். கண் விசையைத் தேடும்வரை மனம் வாக்கியத்தைத் தேடமாட்டாது. இப்பயிற்சிக்கு நாள்தோறும் அரைமணி நேரம் வீதம் சில வாரங்கள் செல்லும். அவ்வாரங்களில் வேகம் குறையும், சன்மானமும் குறையலாம். பின்னர் வரும் ஆண்டுகள் அந்நட்டத்தை ஈடுசெய்யும்.

இறுதியாக, எழுதியதைக் காத்தல். 1835 ஆம் ஆண்டில் தோமஸ் கார்லைல், பிரெஞ்சுப் புரட்சி பற்றிய தம் நூலின் முதற்பாகத்தை நண்பர் ஜோன் ஸ்டுவட் மில்லிடம் வாசிக்கக் கொடுத்தார். கைப்பிரதி அங்கே தவறுதலாக எரிந்துபோயிற்று. வேறு படி இல்லை. மனத்தைத் தேற்றிக்கொண்டு முழுவதையும் மீண்டும் எழுதி, 1837 ஆம் ஆண்டில் நூலை வெளியிட்டார். ஹெமிங்வேயின் இழப்பு இதனினும் பெரிய பாடம். 1922 ஆம் ஆண்டு டிசெம்பரில் அவர் மனைவியார், கணவரின் ஆக்கங்களைப் பெட்டியொன்றில் வைத்துப் பாரிஸ் புகையிரத நிலையத்துக்குக் கொண்டுசென்றார். அங்கே பெட்டி களவு போயிற்று. ஹெமிங்வேயிடம் காபன் பிரதிகள் இருந்தன. ஆனால் அவையும் அதே பெட்டியில் இருந்தன.

இன்று மடிக்கணினியில் எழுதி, அதன் பிரதியையும் அதே மடிக்கணினியில் வைத்திருப்போர், ஒரே பெட்டியில் இரண்டையும் அடைத்தவரையே ஒப்பர். ஒரு பிரதி கணினியில், ஒன்று வீட்டிலுள்ள வேறொரு சேமிப்புக் கருவியில், ஒன்று வீட்டுக்கு வெளியே என மூன்றிடங்களில் இருத்தல் வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய ஆக்கங்களை உடையோர் அவற்றை யூனிகோட் முறைக்கு மாற்றிவைத்தலும் நன்று. அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே திறந்தால், தமிழ் இருந்த இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே தோன்றும். கெட்டுப்போகாத கோப்பும் அந்நிலையில் வாசிக்க இயலாததாகிவிடும்.

சுருங்கக் கூறின், சுயாதீன எழுத்தாளருக்கு வேண்டுவன நான்கு: மாறாத ஒரு நேரம், எட்டத்தக்க ஒரு தொகை, பொய் கூறாத ஒரு கணக்கேடு, வேறோரிடத்தில் ஒரு பிரதி. இந்நான்கும் அமைந்தபின், ஏட்டிற் கண்ட குறையொன்றை நீக்கும் கருவி கிட்டுமாயின் அதனை வாங்கலாம், பழகலாம், பழகியபின் அதனை மறந்துவிட்டு எழுதலாம். தலைக்கு மேல் அதிகாரி இல்லாத தொழிலில், தம்மைத் தாமே கேள்வி கேட்கும் வழக்கம் ஒன்றே அதிகாரியின் இடத்தை நிரப்பவல்லது. அவ்வழக்கம் உடையவருக்கே சுயாதீனம் என்னும் அப்பெயர் முழுப்பொருளையும் தரும்.